நம்ம ஆள் இல்லாத ஊர்

அந்த வருடம் மார்ச் மாதம் முழுக்க மகளின் பள்ளி அட்லஸை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஊரைத் தேடினேன். எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன்கூடக் கடை போட்டிருக்காத ஊர். சொல்லச் சுலபம். தேடிப் பார்த்தால்தான் தெரியும், எங்கள் ஆட்கள் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. சிங்கப்பூரில் என் கணவரின் மாமா. பினாங்கில் அந்த மாமாவின் சகலை. கொழும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாங்காக்கிலும் ஹாங்காங்கிலும் ரத்தினக் கல் வியாபாரம். லண்டனில் என் சின்னம்மா மகன். விரல் வைத்த இடத்திலெல்லாம் ஒரு மாமாவோ மச்சானோ எழுந்து நின்று, "வீட்டுக்கு வராமப் போயிடுவீங்களா?" என்று கேட்பது போலிருந்தது.

ஊர் சுற்றும் ஆசையெல்லாம் அப்போது எனக்கு இல்லை. என் மகளுக்குப் பதினேழு வயது. அந்தக் கோடை விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் போனால், அவளை என் கணவருடைய அண்ணன் மகனுக்குப் பேசி முடித்துவிடுவார்கள். அடுத்த வருடம் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு நிக்காஹ். அதன் பிறகு படிப்பு இல்லை. அவளோ கட்டடக் கலை படிக்க வேண்டும் என்று சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில்கூடக் காகிதம் வைத்து வீடு வீடாக வரைந்துகொண்டிருந்தாள். அவளை அந்தக் கோடையில் ஊர்ப்பக்கம் காட்டக்கூடாது, அவ்வளவுதான் என் திட்டம்.

நாங்கள் அப்போது மஸ்கட்டில், ரூவியில் இருந்தோம். கணவருடைய அண்ணனும் அதே கட்டடத்தில், எங்களுக்கு மேல் மாடியில். எங்கள் கடற்கரை ஊர்களில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். காக்காவுக்கு ரூவியில் துணிக்கடை. பேப்பரில் கடை அர்பாபுடையது, உள்ளூர் அரபியின் பெயரில். மற்றபடி எல்லாம் காக்காதான். என் கணவரை இருபத்திரண்டு வயதில் விசா எடுத்துக் கூட்டி வந்தவர் அவர். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: விசா எடுத்துக் கொடுத்தவருக்கு உங்கள் மேல் உள்ள உரிமை, பெற்றவர்களுக்குக்கூடக் கிடையாது. நாங்கள் எந்த ஃபிளாட்டில் இருக்க வேண்டும், பிள்ளைகள் எந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போக வேண்டும், வெள்ளிக்கிழமை எந்த மீன் வாங்க வேண்டும் என்பது வரை காக்காவின் வாயிலிருந்துதான் வரும். என் மகள் பன்னிரண்டு வயதில் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தியதும் அவர் சொல்லித்தான். ஒரு நாள் மாடியிலிருந்து பார்த்தார், மறுநாள் சைக்கிள் கடைக் குடோனுக்குப் போய்விட்டது.

என் கணவர் அண்ணனிடம் எதற்கும் "இல்லை" என்று சொன்னதில்லை. "பாக்கலாம் காக்கா" என்பார். அந்தப் பாக்கலாமைக் காக்கா சரி என்று எடுத்துக்கொள்வார். மகள் விஷயத்திலும் அதேதான் நடந்தது. ஒரு நோன்புப் பெருநாள் அன்று சாப்பிட்டு முடித்து, பல் குத்திக்கொண்டே, "உன் மவளை என் மவனுக்குத்தான் கேக்கப் போறேன், வெளிய விடுறதா இல்ல" என்றார் காக்கா. இவர், "பாக்கலாம் காக்கா" என்றார். அன்று இரவு கேட்டால், "நான் சரின்னா சொன்னேன், பாக்கலாம்னுதானே சொன்னேன்" என்கிறார்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரில் காலேஜில் சேர்ந்திருந்தான். காலேஜுக்கு அது தெரியுமோ என்னவோ. வாப்பா, அதாவது காக்கா, மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பான்.

எங்கள் ஊர் வழக்கத்தில் எனக்கு ஒரு பிடி கிடைத்திருந்தது. அங்கே வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கல்யாணப் பேச்சை முடிக்க வேண்டுமென்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்து, அங்கே உட்கார்ந்து, அங்கே பசியாறி முடிக்க வேண்டும். என் வீடு பூட்டியிருந்தால் எங்கே வந்து உட்காருவார்கள்? ஒரு கோடை கடந்துவிட்டால் போதும். பரீட்சை எழுதிவிடுவாள், மார்க் வந்துவிடும், காலேஜ் சீட் கைக்கு வந்துவிடும். பிறகு என் முகத்துக்கு நேரே யார் வந்து கேட்கிறார்கள் பார்க்கலாம் என்றிருந்தேன். ஊருக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம்தான் வேண்டும். குடும்பத்தோடு டூர் போகிறோம் என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் போகிற ஊரில் சொந்தக்காரன் இருந்தால், அங்கே வந்து உட்கார்ந்துகொண்டு பேச்சை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

கடைசியில் விரல் டென்மார்க்கில் போய் நின்றது. அதிலும் தலைநகரம் வேண்டாம். தலைநகரம் என்றால் எங்கிருந்தாவது ஒருத்தர் முளைத்துவிடுவார். மேலே, ஜட்லாந்து என்று ஒரு நிலம் கடலுக்குள் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இரண்டு கடல்கள் மோதிக்கொள்கின்றன என்று மகள் எங்கேயோ படித்துச் சொன்னாள். அங்கே துணிக்கடை வைத்து எவன் பிழைப்பான்? சுற்றுலா அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னேன். மகள் அழகாக எழுதினாள். நான்தான் போய்த் தபாலில் போட்டேன்.

செய்த முட்டாள்தனம் அப்போது உறைக்கவில்லை. மஸ்கட்டில் வீட்டுக்குத் தபால் வராது, போஸ்ட் பாக்ஸுக்குத்தான் வரும். எங்களுக்கு இருந்த ஒரே போஸ்ட் பாக்ஸ் கடையுடையது. அதன் சாவி காக்காவின் இடுப்பில்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து காக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கையில் பிரித்த கவர். சோறு வைக்கும் முன்பே அதைத் தரையில் சாப்பிட விரித்திருந்த சுப்ராவில் போட்டார். வழுவழுவென்று ஒரு புத்தகம். அட்டையில் படம், ஒரு பெரிய மணல்மேடு. பாலைவனத்தில் இருப்பது போலவே இருந்தது. எனக்கே திக்கென்றது.

"மணலைப் பாக்கவா அவ்வளவு தூரம் போறீங்க?" என்றார் காக்கா. "அர்பாபுகிட்ட சொன்னா ஜீப்பிலேயே கூட்டிட்டுப் போய்க் காட்டுவாரே."

மகள் சிரித்துவிட்டாள். நான் முறைத்தேன். "அது நடக்குற மணல், பெரிய வாப்பா" என்றாள் அவள். "வருஷா வருஷம் நகர்ந்து போகும். ஒரு சர்ச்சையே மூடிருச்சாம், கோபுரம் மட்டும்தான் வெளிய நிக்குது."

"சர்ச்சைப் பாக்கவா போறீங்க?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். "ஜூலை மாசம் அங்க ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்குமாமே. மஃரிப் எப்போ தொழுவீங்க? இஷாவுக்கு இருட்டே வராதே, என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கும் வழி இருக்குமே காக்கா, அந்த ஊருலயும் தொழுறவங்க இருப்பாங்களே" என்றேன். அவருடைய தொழுகையைப் பற்றி நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். விடிகாலை சுபுஹுக்கு அவரைக் கதவைத் தட்டி எழுப்ப அவர் மனைவி, எங்கள் மச்சி, படுகிற பாடு கீழ் மாடிக்கே கேட்கும். மென்று விழுங்கினேன்.

அவர் பெரிய சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன். கறித்துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே, "போயிட்டு வாங்க. பிள்ளைகளும் நாலு இடம் பாக்கட்டும். லீவு நான் தர்றேன்" என்றார். என் கணவர் முகம் மலர்ந்தது. எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். காக்கா சும்மா கொடுத்த பொருள் என்று உலகத்தில் எதுவும் கிடையாது.

அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் வீடு வீடாக இல்லை. மகள் ரயில் நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டினாள். அங்கே வீடுகளை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள், சனிக்கிழமை நுழைந்தால் அடுத்த சனிக்கிழமை காலி செய்ய வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் சமையலறையோடு ஒரு மர வீட்டைத் தேர்ந்தெடுத்தாள். வாசலில் நாலு சைக்கிள் இலவசம் என்று போட்டிருந்ததுதான் காரணம். அதை மட்டும் அவள் சொல்லவில்லை, நானாகப் பார்த்துக்கொண்டேன். மகனுக்கு எட்டு வயது. ஒரு காலை ஒரு கடலிலும் இன்னொரு காலை இன்னொரு கடலிலும் வைத்து நிற்க வேண்டும் என்று குளியலறையில் இரண்டு வாளி வைத்துப் பழகிக்கொண்டிருந்தான். ஹலால் கறி கிடைக்காவிட்டால் மீன் இருக்கிறது, மீன் பிடிக்கிற ஊர்தானே என்று நான் மசாலாப் பொடிகளை வறுத்து அரைத்தேன். ஊருக்குப் போகும்போது வாங்கிக் கட்டுகிற அட்டைப்பெட்டிகள் இந்தத் தடவை இல்லை. மைத்துனிக்கு சென்ட், மாமாவுக்கு டார்ச் லைட், யாரோ ஒருத்தியின் மருமகளுக்குப் பூப்போட்ட போர்வை என்று எதுவும் கிடையாது. அந்தச் செலவு இல்லாததே பாதி டூருக்கு ஆனது.

என் கணவர்தான் எல்லோரையும் மிஞ்சினார். அங்கே கோடையிலும் காற்று குளிரும் என்று கேள்விப்பட்டு, ஓமானில் எவரும் சீந்தாத கம்பளிச் சட்டைகளைக் கடை மேல்தட்டிலிருந்து தேடி எடுத்து வந்தார். ஏசியைக் கூட்டி வைத்து நாலு பேரும் போட்டுப் பார்த்தோம். அவர் கண்ணாடி முன்னால் நின்று, "ஒரு வாரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்கல்ல?" என்றார். கடையில் அவரைக் கூப்பிடாத நிமிஷம் கிடையாது. பாவமாக இருந்தது. இந்த மனுஷனுக்காகவும்தான் போக வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

விசாவுக்கு மனுப் போட இவருடைய பாஸ்போர்ட் வேண்டும். அது கடையின் இரும்புப் பெட்டியில், மற்ற வேலையாட்களின் பாஸ்போர்ட்டுகளோடு. காக்கா தருகிறேன் தருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஊரிலிருந்து என் ராத்தா போன் செய்தாள். ராத்தா என்றால் என் அக்கா. அவள் போனில் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"ஏண்டி, பேச்சு முடிக்க நாள் குறிச்சாச்சாம். நீங்க ஏதோ டூர் போறீங்களாமே, பெத்தவங்க இல்லாம எப்படிடி?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாருக்குப் பேச்சு?" என்றேன்.

"உன் மவளுக்குத்தான். ஜூலையில, காக்கா வீட்டுலயே வச்சு முடிக்கிறாங்களாம். வாப்பா ஊர்ல இல்லன்னா பெரிய வாப்பா நிக்கலாம்ல, நம்ம பக்கம் அவரே நிக்கிறாராம். தெருப் பெரியவங்ககிட்டல்லாம் சொல்லிட்டாரு. உன் வீட்டுக்காரரு சம்மதிச்சுட்டாருன்னாரே."

மாப்பிள்ளைக்கு வாப்பாவும் அவரே, பெண்ணுக்குப் பொறுப்பும் அவரே. கேட்பவரும் அவர், கொடுப்பவரும் அவர். நான் என் வீட்டைப் பூட்டினால் பேச்சு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நாங்கள் அங்கே இல்லாததே சம்மதம் ஆகிவிட்டது. நாங்கள் இருந்தாலாவது ஒரு ஓரத்தில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நாலு பேர் பார்ப்பார்கள். இப்போது அந்தத் தொல்லைகூட அவருக்கு இல்லை. லீவு தருகிறேன் என்று அவ்வளவு தாராளமாக ஏன் சொன்னார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. என் தலையில் நானே மிளகாய் அரைத்து அவர் கையில் கிண்ணத்தையும் கொடுத்திருக்கிறேன்.

கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்ததும் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "நீங்க சம்மதிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்னு..." என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பதினெட்டு வருடத்துக் கணக்கை ஒரே மூச்சில் கொட்டினேன். ஆம்பளையா நீங்க என்றும் கேட்டேன். கேட்டதற்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. அவர் கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மச்சியும் கூட வந்தார். கையில் என் கணவரின் பாஸ்போர்ட். கல்யாணப் பத்திரிகை வைப்பது போல அதை மேசையில் என் முன்னால் வைத்தார். "இந்தா, போய் விசா எடுத்துக்கோங்க. சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

"நாங்க டென்மார்க் போகல காக்கா" என்றேன். "ஊருக்கு வர்றோம். வந்து, பொண்ணு தர்றதா இல்லன்னு தெருவுல சொல்லப் போறோம்."

மச்சி தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். காக்கா என்னைப் பார்க்கவில்லை. அவர் பேசியதெல்லாம் தம்பியைப் பார்த்துத்தான். "என்னடா, உன் பொஞ்சாதி பேசுறா?"

இவர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்.

"ஊர்ல வார்த்தை கொடுத்தாச்சு. என் முகத்துல கரி பூசணும்னு நினைக்கிறியா? அவ ஏதோ படிக்கணுமாம், வீடு கட்டணுமாம். நம்ம குடும்பத்துல எந்தப் பொம்பளை வீடு கட்டினா? நான் விசா எடுத்துக் கூட்டிட்டு வரலன்னா இந்நேரம் நீ எங்க இருப்பே, சொல்லு. ஒரு வார்த்தை அர்பாபுகிட்ட சொன்னா கலாஸ், முடிஞ்சது. விசா கேன்சல். மூட்டை கட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

இந்த மிரட்டலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஃபிளாட் மாற வேண்டும் என்றபோது, வேறு கடையில் வேலை பார்க்கலாமா என்று இவர் யோசித்தபோது. ஒவ்வொரு தடவையும் இது வந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மகள் உள்ளறைக் கதவருகே நின்றிருந்தாள். அவளையும் பார்த்தேன், அவளுக்கும் தெரிந்திருந்தது.

"கேன்சல் பண்ணிடுங்க காக்கா" என்றார் என் கணவர்.

சாதாரணமாகத்தான் சொன்னார். கடையில் பையனிடம் துணியை மடித்து வை என்று சொல்கிற அதே குரல். காக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னது?" என்றார்.

"விசாவை கேன்சல் பண்ணிடுங்க. பொண்ணு இல்ல."

மச்சி எழுந்து காக்காவின் கையைப் பிடித்தார். அவர் உதறிவிட்டு மேசையில் வைத்த பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது கதவை அடித்துச் சாத்தினார். கண்ணாடிக் கதவாக இருந்தால் உடைந்திருக்கும்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துவிடுகிற ஆள் அல்ல காக்கா. சொன்னதைச் செய்தார். வேறு இடத்தில் சேர ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. கடிதம் கேட்டதற்கு, மாஃபி, கிடையாது என்று ஆள் வைத்துச் சொல்லி அனுப்பினார். கூடப் பிறந்த தம்பிக்கு, மேல் மாடியிலிருந்து கீழ் மாடிக்கு, ஆள் வைத்து. ஃபிளாட்டைக் காலி செய்யச் சொன்னார். பிள்ளைகளின் டி.சி. வாங்க நான் பள்ளிக்கூடத்துக்கு அலைந்தேன். கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் தெரிந்தவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டடத்தில் எங்களிடம் பேசிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் லிஃப்டில் பார்த்தால் மேலே எரிகிற நம்பரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களும் அவர் விசாவில் இருப்பவர்கள்தானே. இருந்தாலும் நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் ஊர்க் கல்யாண வீடுகளில் அவர்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மகள் சந்தோஷப்படுவாள், வந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த ரயில் நேரங்களைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக வெடித்தாள். "என் கல்யாணத்தைப் பத்தி பெரிய வாப்பாவும் பேசினாரு, நீங்களும் பேசினீங்க. யாராவது என்கிட்ட கேட்டீங்களா? நானே நோ சொல்லியிருப்பேனே. டென்மார்க் எனக்காகன்னு நினைச்சேன். என்னை ஒளிச்சு வைக்கவா?" என்றாள். எனக்கும் கோபம் வந்தது. பதினேழு வயதுப் பெண் நோ சொன்னால் எங்கள் ஊரில் எவன் கேட்பான் என்று திருப்பிக் கத்தினேன். இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஊரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என் வீட்டைத் திறந்து வைத்தோம். பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பசியாற வைத்துவிட்டு, இல்லை என்று இவரே சொன்னார், இரண்டாம் தடவை என்பதால் இன்னும் சுலபமாக வந்தது. தெரு இரண்டாகப் பிரிந்தது. மகள் படித்தாள், நினைத்ததைத்தான் படித்தாள். இவர் ஊரிலேயே ஒரு சின்னக் கடை போட்டு, முன்பு கையில் பார்த்ததில் பாதிகூடப் பார்க்காமல் காலத்தை ஓட்டினார். ஜட்லாந்துக்கு எங்களில் யாரும் இதுவரை போகவில்லை.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது மஸ்கட்டிலிருந்து கிளம்பிய நாள். ஏர்போர்ட்டில் குடியேற்ற வரிசையில் நின்றிருந்தோம். பாஸ்போர்ட்டில் கேன்சல் முத்திரை. மகன் தள்ளுவண்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான், மகள் பத்தடி தள்ளி எங்களோடு சேராதவள் போல நின்றாள். பதினெட்டு வருட வாழ்க்கை நாலு பெட்டியில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அவர் மேல் பெருமையாக இருக்க வேண்டும். பெருமை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரண்டு வார்த்தை. அதைச் சொல்ல இவருக்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. பெருநாள் அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் அட்லஸைத் தொட்டிருக்க மாட்டேன்.

"இப்படி ஒரு வாய் உங்களுக்கு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு நாடு நாடாத் தேடப் போறேன்?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே.

அவர் பாஸ்போர்ட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பதினெட்டு வருடத்தில் அது அவர் கையில் இருந்த நாட்கள் குறைவு.

"எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்" என்றார்.